கலக்காததைக் கலப்பது: ‘கெரன்னுமி’ என்னும் பழங்கிரேக்க வினைச்சொல்

விவிலியத்தின் கடைசி நூலாகிய வெளிப்படுத்தின விசேஷத்தில், 14ஆம் அதிகாரத்தின் 10ஆம் வசனம் கடவுளின் கோபத்தை ஒரு மதுக் கிண்ணமாக உருவகிக்கிறது. தமிழில் பரவலாகப் படிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பு அந்த மதுவைக் ‘கலப்பில்லாமல் வார்க்கப்பட்ட’ மது என்கிறது. கிரேக்க மூலத்தைச் சொல்லுக்குச் சொல் பார்த்தால் அங்கே ‘கலக்கப்பட்ட, கலப்பில்லாத மது’ என்று இருக்கிறது. கலப்பில்லாததை எப்படிக் கலக்க முடியும்? எழுதியவர் கிரேக்கம் சரியாகத் தெரியாதவரா, அல்லது நாம்தான் அந்த வினைச்சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறோமா?

அந்த வினைச்சொல் ‘கெரன்னுமி’. அகராதிகள் இதற்குக் ‘கலத்தல்’ என்று ஒரே சொல்லில் பொருள் தந்துவிடுகின்றன. அந்த ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு, இது ‘நீர்த்துப் போகச் செய்வது’ என்று சிலர் விளக்குகிறார்கள். ‘இனிப் பிரிக்கவே முடியாதபடி ஒன்றாக்குவது’ என்று வேறு சிலர் பிரசங்கம் செய்கிறார்கள். ‘ஜனநாயகம்’ என்பதற்கான கிரேக்கச் சொல்லின் பின்பாதியும் இதே வேர்தான் என்று அடித்துச் சொல்பவர்களும் உண்டு. முதல் இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. மூன்றாவதில் உண்மையே இல்லை. கிரேக்கம் ஓர் எழுத்தும் அறியாதவர் தொடர்ந்து வரக்கூடிய வகையில், இச்சொல் உண்மையில் எந்தச் செயலைக் குறித்தது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

மிக்சரும் காபியும்

ஒரு தட்டு மிக்சரில் ஓமப்பொடி, காராபூந்தி, நிலக்கடலை, பொட்டுக்கடலை எல்லாம் இருக்கின்றன. பொறுமை இருந்தால் ஒவ்வொன்றையும் தனியாகப் பொறுக்கி வைத்துவிடலாம். பல குழந்தைகள் கடலையை மட்டும் அப்படித்தான் காலி செய்கின்றன. பொருள்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றனவே தவிர, ஒன்று மற்றொன்றாக மாறவில்லை.

காபி வேறு வகை. டிகாஷனும் பாலும் சேர்ந்த பிறகு, எந்தத் துளியை எடுத்தாலும் அதில் இரண்டும் இருக்கின்றன. நிறமும் மணமும் சுவையும் இரண்டுக்கும் சொந்தமில்லாத மூன்றாவது ஒன்றாகிவிடுகின்றன. அது எப்படிப்பட்ட மூன்றாவது என்பதை அளவே முடிவு செய்கிறது. டிகாஷன் கூடினால் ‘ஸ்ட்ராங்’, குறைந்தால் ‘லைட்’. கலப்பவருக்குக் கைப்பக்குவம் என்று ஒன்று உண்டு என்பதை ஒரு வீட்டுக் காபியும் அடுத்த வீட்டுக் காபியும் நிரூபித்துக்கொண்டே இருக்கின்றன.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விருந்தினரிடம் ‘காபி கலக்கட்டுமா?’ என்று கேட்கிறோம். எதை எதோடு கலப்பது என்று யாரும் விளக்கம் கேட்பதில்லை, ஏனென்றால் அங்கே ‘கலப்பது’ என்பது காபியைத் தயாரித்துக் கொண்டுவந்து கொடுக்கும் முழுச் செயலுக்கும் பெயராகிவிட்டது. இந்தச் சிறிய வழக்கை நினைவில் வைத்திருந்தால் கட்டுரையின் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை தேடும்போது உதவும்.

கெரன்னுமி காபி வகைக் கலப்பு. பெரும்பாலும் மிக்சர் வகைக் கலப்பு அன்று. அதற்கு மூன்று கூறுகள் உண்டு: நீர்மப் பொருள்கள், அவற்றுக்கு இடையே ஓர் அளவு, குடிப்பவருக்காகச் செய்யும் ஆயத்தம்.

கூடத்தின் நடுவே ஒரு பெரிய பாத்திரம்

பழங்கிரேக்கர் திராட்சை மதுவை வழக்கமாகத் தண்ணீர் கலந்தே குடித்தார்கள். ஆண்கள் சாய்ந்தமர்ந்து குடித்தும் பேசியும் பாடியும் மாலையைக் கழித்த விருந்துக்குச் ‘சிம்போசியோன்’ என்று பெயர். ‘சேர்ந்து குடித்தல்’ என்பதே அதன் நேர்ப்பொருள். அங்கே ஒவ்வொருவரும் தமக்கு வேண்டியபடி கிண்ணத்தில் கலந்துகொள்வதில்லை. கூடத்தின் நடுவே அகன்ற வாயுள்ள ஒரு பெரிய பாத்திரம் இருக்கும். அதில் மதுவும் நீரும் ஒரே அளவில் கலக்கப்பட்டு, அதிலிருந்து எல்லோருக்கும் மொண்டு ஊற்றப்படும். எத்தனை பங்குக்கு எத்தனை பங்கு என்பதை விருந்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் முடிவு செய்வார். ஆகவே ஒரு கூடத்தில் இருந்த அனைவரும் ஒரே வீரியமுள்ள மதுவையே குடித்தார்கள்.

அந்தப் பாத்திரத்தின் பெயர் ‘கிராத்தேர்’. கெரன்னுமி என்னும் வினையிலிருந்து பிறந்த இப்பெயருக்குக் ‘கலக்குவது’, அதாவது கலக்கும் கலம் என்று பொருள். எரிமலையின் வாய்க்கும் நிலவின் பள்ளங்களுக்கும் ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் பெயர் இந்தப் பாத்திரத்தின் வடிவத்திலிருந்து வந்ததுதான். கலக்குவதோடு எரிமலைக்கு எந்தத் தொடர்பும் இல்லை; அகன்ற வாயோடு மட்டுமே தொடர்பு.

கிரேக்கர் இப்பாத்திரத்துக்குக் கொடுத்த மதிப்பை இன்றும் அருங்காட்சியகங்களில் பார்க்கலாம். இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் உள்ள ‘பிரான்சுவா கலம்’ கி.மு. 570 அளவில் ஏத்தன்ஸில் செய்யப்பட்ட மண் கிராத்தேர். அதன் உடலெங்கும் புராணக் காட்சிகள் வரையப்பட்டிருக்கின்றன. பிரான்ஸ் நாட்டின் வீக்ஸ் என்னும் சிற்றூரில் 1953இல் ஒரு பெண்ணின் கல்லறையிலிருந்து கிடைத்த வெண்கலக் கிராத்தேரின் உயரம் 1.64 மீட்டர், அது ஏறத்தாழ 1,100 லிட்டர் கொள்ளும். கிரேக்கக் கைவினையாகிய அந்தக் கலம் கெல்டியர் வாழ்ந்த பகுதிவரை போயிருக்கிறது. அதை யாரேனும் ஒருமுறையாவது விளிம்புவரை நிரப்பியிருப்பார்களா என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

அளவே பண்பாடு

பாலில் தண்ணீர் கலப்பது நமக்கு மோசடி. ‘கலப்படம்’ என்ற சொல்லே நம் நெற்றியைச் சுருக்கிவிடும். இந்த மனநிலையோடு கிரேக்க நூல்களைப் படித்தால் தவறு நேரும், ஏனென்றால் நீர் கலந்த மது அவர்களுக்குத் தரம் குறைந்த மது அன்று. அதுவே குடிப்பதற்கு ஏற்ற மது. கலக்காத மதுவுக்கு ‘அக்ராத்தொஸ்’ என்று பெயர். முன்னால் நிற்கும் ‘அ’ நம் ‘அநீதி’யில் வருவது போன்ற எதிர்மறை. அதைக் குடிப்பது நாகரிகமற்றவர்களின் வழக்கம் என்று அவர்கள் கருதினார்கள்.

ஸ்பார்ட்டாவின் அரசன் கிளியோமெனீஸ் மனநிலை பிறழ்ந்து இறந்ததற்குப் பல காரணங்களைக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோதோத்தஸ் பதிவு செய்கிறார். ஸ்பார்ட்டர்கள் சொன்ன காரணம் இது: கருங்கடலுக்கு வடக்கே இருந்த ஸ்கித்தியாவிலிருந்து வந்த தூதர்களோடு அவன் நெருங்கிப் பழகி, அவர்களைப் போலவே கலக்காத மதுவைக் குடிக்கக் கற்றுக்கொண்டான். அதன்பிறகு ஸ்பார்ட்டாவில் யாருக்காவது வீரியம் கூடிய மது வேண்டுமென்றால் ‘ஸ்கித்தியர் போல் ஊற்று’ என்று கேட்பது வழக்கமாகிவிட்டதாம்.

ஓமரின் ஒடிசியில் வரும் ஒற்றைக்கண் அரக்கன் ‘கலக்காத பாலை’க் குடித்தான் என்று ஒரு வரி உண்டு. பாலில் யார் நீர் கலந்து குடிக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றும். ஆனால் அந்த அடைமொழி மனிதக் குடிப்பழக்கத்தின் நெறி எதுவும் அவனிடம் இல்லை என்பதை ஒரே சொல்லில் காட்டிவிடுகிறது. அவனை மயக்குவதற்கு ஒடிசியஸ் கொண்டுபோகும் மதுவோ ஒரு கிண்ணத்துக்கு இருபது பங்கு நீர் சேர்த்துக் குடிக்கப்பட வேண்டியது. அப்படிக் கலந்த பின்னும் கிராத்தேரிலிருந்து எழும் மணம் தாங்க முடியாத அளவுக்கு இனிமையாக இருந்தது என்கிறார் கவிஞர். அரக்கனுக்குக் கொடுத்தபோது அதில் ஒடிசியஸ் நீர் சேர்த்ததாகக் கவிதை சொல்லவில்லை.

அந்த இருபது பங்கு காவியத்துக்கே உரிய மிகை. நடைமுறை அளவுகள் எளிமையானவை. பழங்கிரேக்கக் கவிஞர் ஹெசியோத் மூன்று பங்கு நீருக்கு ஒரு பங்கு மது என்கிறார். கி.மு. 600 அளவில் லெஸ்போஸ் தீவில் வாழ்ந்த அல்க்கேயஸ் என்னும் கவிஞர், நம் வினைச்சொல்லின் வட்டார வடிவத்தையே பயன்படுத்தி, ‘ஒன்றும் இரண்டுமாகக் கலந்து ஊற்று’ என்று பாடுகிறார். ஒன்று எது, இரண்டு எது என்பது இன்றுவரை ஆய்வாளர்களின் சண்டை. குடித்தவர்களுக்கு அந்தச் சந்தேகம் இருந்திருக்காது.

கி.மு. 4ஆம் நூற்றாண்டின் நகைச்சுவை நாடக ஆசிரியர் யூபூலஸ், மதுவின் தெய்வமான டயோனிசஸையே பேச வைக்கிறார். அறிவுள்ளவர்களுக்கு நான் மூன்று கிராத்தேர்கள் மட்டுமே கலக்கிறேன் என்கிறது தெய்வம்: முதலாவது உடல்நலத்துக்கு, இரண்டாவது காதலுக்கும் இன்பத்துக்கும், மூன்றாவது உறக்கத்துக்கு, அதோடு அவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். நான்காவது முதல் ஆணவம், கூச்சல், அடிதடி என்று ஏறிக்கொண்டே போய்ப் பத்தாவதில் பித்து. இங்கும் வரும் வினை கெரன்னுமியின் குடும்பம்தான். கலப்பவரே எல்லையையும் வகுக்கிறார் என்பது கவனிக்கத் தக்கது.

விதிவிலக்கு உண்டு. உடன்படிக்கை செய்யும்போது தெய்வங்களுக்கு வார்க்கும் மதுவைக் ‘கலப்பில்லாத வார்ப்பு’ என்று ஓமரின் மற்றொரு காவியமாகிய இலியத் குறிக்கிறது. அதே காவியத்தின் 9ஆம் பாடலில், தன் கூடாரத்துக்கு வந்த தூதர்களுக்காகப் பெரிய கிராத்தேரை வைக்கச் சொல்லும் அக்கிலீஸ், ‘சோரோத்தெரொன்’ ஆகக் கலக்குமாறு தன் தோழனிடம் சொல்கிறான். ‘வீரியமாக’ என்பது இச்சொல்லின் வழக்கமான பொருள். ஒரு வீரன் தன் விருந்தினரைக் குடிகாரர்களைப் போல நடத்தலாமா என்ற சங்கடம் பிற்கால வாசகர்களுக்கு வந்துவிட்டது. ‘விரைவாகக் கலக்கு’ என்றும் அதைப் படிக்கலாம் என்ற தீர்வைக் கவிதையியலில் அரிஸ்டாட்டில் குறிப்பிடுகிறார். எனக்கு அந்தத் தீர்வில் நம்பிக்கை இல்லை; நெருங்கிய நண்பர்கள் வந்தால் டிகாஷனைக் கூட்டுவது இயல்புதான். ஆனால் ஒரே ஒரு சொல்லைப் பற்றி இத்தனை கவலை எழுந்தது என்பதே, கலக்கும் அளவு அவர்களுக்கு எவ்வளவு பெரிய ஒழுக்கமாக இருந்தது என்பதைக் காட்டுகிறது.

இதுவரை பார்த்தவற்றின்படி, கெரன்னுமி என்பது மதுவைக் கெடுப்பதோ நீர்த்துப் போகச் செய்வதோ அன்று. குடிப்பதற்கு உரிய அளவில் அதைப் பக்குவப்படுத்துவது. ‘நீர்த்தல்’ அச்செயலின் ஒரு பகுதி மட்டுமே.

வேரில் நெடில், வேரில் குறில்

இந்த வினையின் வேர் இரண்டு வடிவங்களில் வருகிறது: ‘கெர-’ என்றும், உயிரெழுத்து இடம் மாறி நீண்ட ‘க்ரா-’ என்றும். முதல் வடிவம் வினையில் நிற்கிறது. இரண்டாவது வடிவத்திலிருந்து கிராத்தேர், அக்ராத்தொஸ், ‘கலப்பு’ என்று பொருள்படும் ‘கிராசிஸ்’ ஆகிய சொற்கள் பிறக்கின்றன.

ஜனநாயகத்தைக் குறிக்கும் ‘தேமொக்ரத்தியா’வில் வரும் ‘க்ரத்-’ வேறு சொல். வலிமை, ஆட்சி என்று பொருள்படும் ‘க்ரத்தொஸ்’ அதன் மூலம். ஐரோப்பிய எழுத்துகளில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றுவதால் ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் எளிதில் ஏமாறுகிறார்கள். குறிலும் நெடிலும் பிரித்தறியப் பழகிய தமிழ் வாசகருக்கு இதில் குழப்பமே வரக் கூடாது: கலப்பின் வேரில் நெடில் ‘க்ரா’, ஆட்சியின் வேரில் குறில் ‘க்ர’. பழங்கிரேக்கர் உச்சரிப்பில் இவை நமக்குக் ‘கலை’யும் ‘காலை’யும் எவ்வளவு தொலைவோ அவ்வளவு தொலைவு.

கொம்பு என்று பொருள்படும் ‘கெரஸ்’ என்ற சொல்லிலிருந்து இந்த வினை வந்தது, ஏனென்றால் ஆதியில் மக்கள் மாட்டுக் கொம்பில் ஊற்றிக் குடித்தார்கள் என்ற கருத்தும் பழங்காலத்திலேயே இருந்தது. அத்தேனேயஸ் என்னும் பழங்கிரேக்க எழுத்தாளர் விருந்துப் பேச்சுகளைத் தொகுத்த நூல் அதைப் பதிவு செய்திருக்கிறது. கேட்க அழகான கதை, ஆனால் கதைதான். மொழியியலாளர்கள் இந்த வேருக்கு உறவாகக் காட்டுவது வேதங்களில் சோமச் சாற்றோடு பாலைக் கலப்பதைக் குறிக்கும் சமஸ்கிருத வினையை. கொம்பைவிட இந்த உறவு பொருளிலும் நெருக்கமானது: அங்கும் நீர்மம், அங்கும் சடங்கு, அங்கும் அருந்துவதற்கான ஆயத்தம்.

உடன்பிறப்பு: மிக்னுமி

கிரேக்கத்தில் கலத்தலுக்கு இன்னொரு பெரிய வினை உண்டு: ‘மிக்னுமி’. இதன் உறவினர்கள் நமக்கு நன்கு அறிமுகமானவர்கள். சமஸ்கிருத ‘மிச்ர’ இதே மூல வேரைச் சேர்ந்தது. மிச்ர சாபு தாளத்தின் பெயரில் இருப்பது அதுதான். இலத்தீன் உறவினர் ஆங்கிலத்துக்குள் போய், அங்கிருந்து மிக்சராகவும் மிக்சியாகவும் நம் வீட்டுக்குள் வந்துவிட்டார்.

மிக்னுமி மிகப் பரந்த சொல். திடப்பொருள்களும் நீர்மங்களும் கலப்பது, கூட்டம் கூட்டத்தோடு கலப்பது, போரில் படைகள் கைகலப்பது, ஆணும் பெண்ணும் கூடுவது ஆகிய அனைத்தும் அதற்குள் அடங்கும். கடைசிப் பொருளுக்குத் தமிழரிடம் விளக்கம் தேவையில்லை. ‘கல’ என்ற வேரிலிருந்து ‘கலவி’ நமக்கும் பிறந்திருக்கிறது, ‘கைகலப்பு’ம் பிறந்திருக்கிறது.

இரண்டு வினைகளுக்கும் இடையே உள்ள சாய்வை எழுபதின்மர் மொழிபெயர்ப்பு அழகாகக் காட்டுகிறது. எபிரேய மறைநூலைக் கிரேக்கத்தில் பெயர்க்க கி.மு. 3ஆம் நூற்றாண்டில் தொடங்கிய முயற்சி அது. நீதிமொழிகள் 9ஆம் அதிகாரத்தில் ஞானம் என்னும் பெண் தன் வீட்டில் விருந்து வைக்கிறாள். அவள் தன் மதுவைக் கிராத்தேரில் கலக்கிறாள் என்னுமிடத்தில் வருவது கெரன்னுமி. ஏசாயா முதல் அதிகாரத்தில் எருசலேமின் வணிகர்கள் ஏமாற்றுவதற்காக மதுவில் தண்ணீர் கலக்கிறார்கள். அங்கே மிக்னுமியின் வடிவம் வருகிறது. பொருள்கள் அதே மதுவும் அதே நீரும்தான். விருந்துக்குக் கலந்தால் ஒரு வினை, கலப்படத்துக்குக் கலந்தால் இன்னொரு வினை.

இதைச் சட்டமாக்கிவிடக் கூடாது. ஏசாயாவின் 5ஆம் அதிகாரம் குடிப்பதில் வீரம் காட்டுவோரைக் கண்டிக்கும்போது அவர்கள் மது கலப்பதைக் கெரன்னுமியால்தான் குறிக்கிறது. ஆகவே இச்சொல் தன்னளவில் நற்சான்று தருவதில்லை. ஒடிசியின் முதல் பாடலிலோ, விருந்துக் கூடத்தில் பணியாளர்கள் மதுவையும் நீரையும் கிராத்தேர்களில் கலக்கும் காட்சிக்கே மிக்னுமியின் வடிவம் வருகிறது. பிளேட்டோ தம் திமேயஸ் உரையாடலில், உலகின் உயிரைப் படைப்பவன் ஒரு கிராத்தேரில் கலந்ததாகச் சொல்லும்போது இரண்டு வினைகளையும் ஒரே தொடரில் அடுத்தடுத்து வைக்கிறார். ‘கெரன்னுமி என்றால் பிரிக்க முடியாத ஒன்றிப்பு, மிக்னுமி என்றால் மேலோட்டமான சேர்க்கை’ என்று இரண்டு பெட்டிகளில் போட்டுப் பூட்டும் விளக்கங்கள் இத்தகைய வரிகளைப் பார்க்காமல் எழுதப்பட்டவை.

சுருங்கச் சொன்னால், மிக்னுமி பொதுச்சொல், கெரன்னுமி சிறப்புச்சொல். சிறப்புச்சொல் வரும் இடத்தில் பொதுச்சொல்லும் வரலாம்.

ஒரு துளி மதுவும் கடலும்

‘பிரிக்க முடியாதது’ என்ற கருத்து எங்கிருந்து வந்தது? அதற்குத் தத்துவவாதிகளே பொறுப்பு, ஆனால் அவர்கள் சொன்னது பிரசங்கங்களில் சொல்லப்படுவது அன்று.

கலப்பு என்று எதைச் சொல்லலாம் என்ற கேள்வியை அரிஸ்டாட்டில் எழுப்புகிறார். வாற்கோதுமையையும் கோதுமையையும் சேர்த்துக் கொட்டினால் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது கலவை. ஆனால் எதையும் ஊடுருவிப் பார்க்கும் கண்கள் உடையவன் என்று கதைகள் சொல்லும் லிங்கியஸுக்கு அங்கே எதுவும் கலந்திருக்காது. நம் மிக்சர் இந்த வகை. உண்மையான கலப்பில் எந்தப் பகுதியும் முழுமையின் தன்மையைக் கொண்டிருக்க வேண்டும். அதற்கு இரண்டு பொருள்களும் ஓரளவேனும் ஒன்றுக்கொன்று ஈடுகொடுக்க வேண்டும் என்பது அவர் கருத்து: பத்தாயிரம் குடம் நீரில் விழுந்த ஒரு துளி மது கலப்பதில்லை, அது தண்ணீராகவே மாறிவிடுகிறது.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் ஸ்டோயிக் என்னும் தத்துவப் பள்ளியின் தலைவராக இருந்த கிரிசிப்பஸ் இதை நேருக்கு நேர் மறுத்தார். ஒரு துளி மது கடல் முழுவதோடும் கலக்கும் என்றார். பிற்காலக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எடுத்துச் சொல்லும் அந்தக் கூற்றில் வருவது கெரன்னுமி. ஸ்டோயிக்குகள் கலப்புகளைத் தரம் பிரித்தார்கள். தானியங்களைப் போல அருகருகே இருப்பது ஒன்று. மூலப்பொருள்கள் தம் இயல்பை இழந்து, மருந்துகளைக் கூட்டும்போது நேர்வதைப் போலப் புதிய பொருளாவது இன்னொன்று. இவ்விரண்டுக்கும் நடுவில், ஒன்றை ஒன்று முழுவதும் ஊடுருவியபின்னும் ஒவ்வொன்றும் தன் இயல்பைக் காத்துக்கொள்வது உண்டு. நீர்மங்களில் அப்படி நேர்வதற்கே கிராசிஸ் என்று பெயரிட்டார்கள்.

தன் இயல்பைக் காத்துக்கொள்கிறது என்பதற்கு அவர்கள் காட்டிய சான்று சுவையானது. எண்ணெயில் தோய்த்த கடற்பஞ்சை நீர் கலந்த மதுவில் இட்டால் நீர் பஞ்சுக்குள் ஏறி மதுவிலிருந்து பிரிந்துவிடும் என்றார்கள். நம் சமையலறையில் அது பலிக்குமா என்பது வேறு. அவர்களுடைய நோக்கமே கிராசிஸ் கொள்கையளவில் பிரிக்கக் கூடியது என்று காட்டுவதுதான். ‘இனிப் பிரிக்கவே முடியாதது’ என்று இச்சொல்லுக்குத் தத்துவச் சாயம் பூசுபவர்கள், அந்தத் தத்துவம் நேர்மாறாகச் சொன்னதைக் கவனிப்பதில்லை.

உடம்பின் கலவை

மதுக்கூடத்தில் பிறந்த கிராசிஸ் மருத்துவத்தில் பெருவாழ்வு வாழ்ந்தது. வெப்பம், குளிர்ச்சி, வறட்சி, ஈரம் ஆகிய நான்கும் ஒருவர் உடம்பில் எந்த அளவில் கலந்திருக்கின்றன என்பதே அவருடைய கிராசிஸ். கி.பி. 2ஆம் நூற்றாண்டின் மருத்துவர் காலன் இதற்கென்றே ஒரு நூல் எழுதி, கலவைகளை ஒன்பதாக வகுத்தார்: சமநிலையில் ஒன்று, ஒரு பண்பு மட்டும் மிகுந்தவை நான்கு, இரண்டு பண்புகள் சேர்ந்து மிகுந்தவை நான்கு. நோய் என்பது கலவை அளவு தவறியது. மருத்துவர் என்பவர் ஒரு வகையில் விருந்தின் தலைவர்.

இலத்தீன் இச்சொல்லை மொழிபெயர்த்ததிலிருந்துதான் மனஇயல்பைக் குறிக்கும் ‘டெம்பரமென்ட்’ வந்தது. 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் காலனின் நூல்களை மொழிபெயர்த்த காலத்தில், கலத்தல் என்று பொருள்படும் அரபு வேரிலிருந்து வந்த ‘மிஸாஜ்’ அதற்கு ஈடாக நின்றது. நோயாளியின் மிஸாஜைக் கணிப்பது இன்றும் யுனானி மருத்துவத்தின் அடிப்படை. சென்னை அரும்பாக்கத்தில் உள்ள அரசு யுனானி மருத்துவக் கல்லூரியில் படிப்பவர்களுக்கு இது அன்றாடச் சொல். ‘யுனானி’ என்ற பெயரே ‘கிரேக்கருடையது’ என்று பொருள்படுவது.

இலக்கணத்திலும் கிராசிஸ் உண்டு. ஒரு சொல்லின் இறுதி உயிரும் அடுத்த சொல்லின் முதல் உயிரும் ஒன்றாகிவிடுவது அது: ‘நானும்’ என்று பொருள்படும் ‘காய் எகோ’ சேர்ந்து ‘காகோ’ ஆகும். நம் இலக்கணிகள் இதுபோன்றவற்றைப் ‘புணர்ச்சி’ என்றார்கள். கலத்தலையும் கூடலையும் எழுத்திலக்கணத்துக்குள் கொண்டுவரும் எண்ணம் இரு மொழியினருக்கும் தனித்தனியே தோன்றியிருக்கிறது.

கலக்கப்பட்ட, கலப்பில்லாத மது

இப்போது தொடங்கிய இடத்துக்குத் திரும்பலாம். காலப்போக்கில் கெரன்னுமியின் எடை இடம் மாறியது. மதுவைப் பரிமாறுவது என்றாலே நீர் கலந்து பரிமாறுவது என்று இருந்த சமூகத்தில், ‘மது கலந்தான்’ என்பது ‘மது ஆயத்தம் செய்து ஊற்றினான்’ என்றே கேட்கும். காபியில் நாம் செய்தது இதுதான். ‘பால் இல்லாமல் ஒரு காபி கலந்து கொடு’ என்று யாராவது சொன்னால் அதில் முரண்பாடு இருப்பதாக நாம் நினைப்பதில்லை.

வெளிப்படுத்தின விசேஷத்தின் வரியும் அப்படித்தான் கேட்கப்பட்டிருக்கும்: கோபம் கிண்ணத்தில் ஆயத்தமாக ஊற்றப்பட்டிருக்கிறது, ஆனால் அதை மட்டுப்படுத்தும் நீர் ஒரு துளியும் அதில் இல்லை. இந்தச் சேர்க்கை அந்த நூலாசிரியரின் சொந்தக் கண்டுபிடிப்பும் அன்று. எழுபதின்மர் மொழிபெயர்ப்பின் சங்கீதம் ஒன்றில் (தமிழ் எண்ணிக்கையில் 75) கடவுளின் கையிலுள்ள கிண்ணம் கலக்காத மதுவால் ஆனது என்றும், கலவையால் நிறைந்தது என்றும் ஒரே மூச்சில் சொல்லப்படுகிறது. எபிரேய மரபில் மதுவுக்கு நறுமணப் பொருள்கள் சேர்த்து வீரியமூட்டியதை நினைவுபடுத்தி, ‘நீர் கலக்காமல் மசாலா மட்டும் கலந்தது’ என்று விளக்குவோரும் உண்டு. எந்த விளக்கத்தை எடுத்தாலும் மது மட்டுப்படவில்லை. பழைய தமிழ் மொழிபெயர்ப்பாளர் ‘கலப்பில்லாமல் வார்க்கப்பட்ட’ என்று எழுதியபோது, கலத்தலின் இடத்தில் ‘வார்த்தல்’ என்று வைத்து இந்த நுட்பத்தைச் சரியாகவே பிடித்திருக்கிறார் என்பது என் எண்ணம்.

அதே காலத்துக் கிறிஸ்தவர்களின் வழிபாட்டு மேசையில் இச்சொல் தன் பழைய பொருளோடும் இருந்தது. 2ஆம் நூற்றாண்டில் ஜஸ்டின் என்னும் கிறிஸ்தவ எழுத்தாளர் தம் மதத்துக்காக ரோமில் எழுதிய வாதத்தில், வழிபாட்டுக்குக் கொண்டுவரப்படும் கிண்ணத்தை விவரிக்கும்போது ‘கலவை’ என்று பொருள்படும் ‘க்ராமா’ என்ற சொல்லைப் பயன்படுத்துகிறார். கத்தோலிக்கத் திருப்பலியில் குரு இரசக் கிண்ணத்தில் சில துளி நீர் சேர்ப்பதைத் தமிழகத்தின் எந்தத் தேவாலயத்திலும் காணலாம். அந்த நீருக்கு இறையியல் விளக்கங்கள் பிறகு வந்தன, கிரேக்கரின் கிராத்தேர் முன்பே இருந்தது.

தேறலும் க்ரசியும்

புறநானூற்றின் 56ஆம் பாடலில் நக்கீரர், யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த ‘தண்கமழ் தேறலை’ப் பாண்டியன் பொற்கிண்ணத்தில் அருந்துவதைப் பாடுகிறார். அரிக்கமேட்டில் கிடைத்த மத்தியதரைக் கடல் பகுதி மதுச்சாடிகளின் உடைந்த துண்டுகள் அந்த வணிகத்துக்குச் சாட்சி. அந்த மதுவில் நீர் கலந்தார்களா என்று பாடல் சொல்லவில்லை; ஆனால் புலவர் அதற்கு இட்ட பெயர் கவனத்துக்குரியது. தெளிதல் என்று பொருள்படும் ‘தேறு’ என்னும் வினையிலிருந்து வந்த ‘தேறல்’, வண்டல் நீங்கித் தெளிந்ததைக் குறிக்கிறது. கிரேக்கரோ எதிர்த்திசையில் போனார்கள். மதுவுக்கு அவர்களிடம் இருந்த பழைய சொல் ‘ஒய்னொஸ்’ பேச்சு வழக்கில் பின்தங்கி, கிராசிஸிலிருந்து வந்த ‘க்ரசி’ அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ‘கலவை’ என்பதே இன்றைய கிரேக்கப் பேச்சில் மதுவின் பெயர்.

கெரன்னுமியும் பிழைத்திருக்கிறது. அதன் பழைய கிளை வடிவம் ஒன்றிலிருந்து வந்த ‘கெர்னாஓ’ இன்று ஏத்தன்ஸின் எந்த உணவு விடுதியிலும் காதில் விழும். க்ரசிக்கு யாரும் இப்போது நீர் கலப்பதில்லை, மேசை நடுவே கிராத்தேரும் இல்லை. பில் வரும்போது ஒருவர் மற்றவர்களின் கையைத் தடுத்துவிட்டு இந்த வினையைச் சொல்வார். ‘என் செலவு’ என்று அதற்குப் பொருள்.